மூடி திறக்காத வாளி

செங்டு
1983 மார்ச் 4

அன்புத் தங்கை யுன்ஷூவுக்கு,

குரு வீட்டு அண்ணன் ஜோங்யான் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். மூட்டுவலி மட்டும் பனிக்காலத்தோடு போகாமல் என்னோடேயே குடித்தனம் நடத்துகிறது. நீ அனுப்பிய உப்புக்கண்டம் வந்து சேர்ந்தது. சூபின் அதை மெல்லிசாகச் சீவிப் பூண்டுத்தாளோடு வதக்கிக் கொடுத்தாள். "அம்மா கை மணம் மாமா, ஊர்ல இருக்கற மாதிரியே இருக்கு" என்றாள். உன் பெண் என் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மருத்துவப் பட்டமும் வாங்கிவிட்டாள். இன்னும் நீ ஒரு தடவைகூட இந்த வாசற்படி மிதிக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் குறைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் புத்தகம் முடியும் தறுவாயில் இருக்கிறது. 'யின் யாங் தெளிதல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நோய் யின்னா யாங்கா, உள்ளே இருப்பது குளிரா சூடா என்று தெரியாதவன் மருந்துச்சீட்டு எழுதவே கூடாது என்று நம் குரு தினமும் சொல்வாரே, அதுதான் பொருள். கன்னம் சிவந்து கொதிப்பவன் உள்ளே உறைந்துகொண்டிருப்பான். கை கால் ஜில்லிட்டவன் உள்ளே எரிந்துகொண்டிருப்பான். மேல்தோலைப் பார்த்து மருந்து கொடுத்தால் ஆள் காலி. நான் பார்த்த இருபது நோயாளிகளை வைத்து இதை விளக்கியிருக்கிறேன்.

அதில் ஒன்பதாவது நோயாளியைப் பற்றிய தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சூபினின் கையெழுத்து. முழுப் புத்தகத்தையும் அவள்தான் அழகாகப் படியெடுக்கிறாள். ஒவ்வொரு நோயாளிக்கும் குடும்பத்தார் ஒருவர் 'இது நடந்தது உண்மை' என்று எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும் என்று தொகுப்புக் குழு கேட்கிறது. ஒன்பதாவதற்கு நீதான் வைக்க வேண்டும். ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் வந்தால் போதும்.

படித்துப் பார். கடைசி வரி உன்னைக் கொஞ்சம் அழவைக்கும். அதை உனக்கான பரிசாகவே எழுதினேன்.

சூபினுக்குக் கல்லூரியிலேயே விரிவுரையாளர் வேலைக்கு என் பெயரில் சிபாரிசு போயிருக்கிறது. கவலைப்படாதே.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்
லாய் ஜோங்யான்


பைஷா படித்துறை
1983 மார்ச் 15

மூத்த அண்ணன் அவர்களுக்கு,

யுன்ஷூ எழுதுவது. கடிதமும் தாள்களும் வந்தன. தபால்காரர் வந்தபோது ஊறுகாய் ஜாடி கழுவிக்கொண்டிருந்தேன். பழைய உப்புநீர் பூசணம் பிடித்துக் கெட்டுப்போயிருந்தது. அந்த வீச்சம் கையில் இருக்கும்போதே உங்கள் தாள்களைப் பிரித்தேன். படித்து முடித்தபோது எது நாறுகிறது என்று எனக்குக் குழம்பிவிட்டது.

"நிங், படகோட்டி, வயது முப்பத்திரண்டு. கை கால் பனிக்கட்டி. ஊரார் யின் நோய் என்றார்கள். நான் ஒருவனே மறுத்தேன். குனிந்து மலவாளியின் மூடியைத் திறந்தேன். அழுகிய மீனின் நாற்றம். இது யாங் நோய், உள்ளே தீ என்று கண்டு, அதை இறக்க ரேவல்சின்னியும் பேதி உப்பும் கொடுத்தேன். மறுநாள் கஞ்சி கேட்டார். பத்தாம் நாள் படகேறினார்."

பத்தாம் நாள் அவர் மண்ணுக்குள் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. நீங்கள் துக்கத்துக்கு வெள்ளைத்துணி அனுப்பியிருந்தீர்கள். எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்குத்தான் மறந்துபோயிற்று போலிருக்கிறது.

என் புருஷனைத்தான் எழுதியிருக்கிறீர்கள். வேறு நிங் இல்லை, இந்தப் படித்துறையில் வேறு படகோட்டியும் முப்பத்திரண்டு வயதில் சாகவில்லை. செத்தவரைக் கஞ்சி குடிக்கவைத்துப் படகேற்றிவிட்டு எனக்குப் பரிசு என்கிறீர்கள். அண்ணா, எனக்குக் குமட்டுகிறது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, எழுந்து போய் வடிகாலில் வாந்தி எடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். 1958, ஏழாம் மாதம், காய்ச்சல் கண்டு நான்காம் நாள். வைத்தியம் படித்தவள் தன் வீட்டாருக்குத் தானே சீட்டு எழுதக் கூடாது என்பது நம் குரு வீட்டு வழக்கம். அதனால் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். மாசிபத்திரி வைத்துத் தைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வந்தீர்கள். காலரா என்று பயந்திருப்பீர்கள், அந்த வருஷம் எல்லோருக்கும் பயம்தான். கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி முக்காலி போடச் சொன்னீர்கள்.

"கை எப்படி இருக்கு?"

"முழங்கை வரைக்கும் ஜில்லுன்னு இருக்கு அண்ணா."

"வெளிக்கு?"

"தண்ணியாப் போகுது. பச்சையும் நீலமுமா. வாளி இங்கதான் வாசல்ல வச்சிருக்கேன், ஒருதரம் பாத்துடுங்க."

"அதை மொதல்ல எடுத்துட்டுப் போம்மா. காலைல குடிச்ச கஞ்சி மேல வருது."

அவர் கட்டிலிலிருந்து, "பச்சைத் தண்ணி குடுங்க, கிணத்துத் தண்ணி" என்று கேட்டார். நீங்கள், "குளிர் நோய்க்காரனுக்குப் பச்சைத் தண்ணியா? நல்லாப் போர்த்தி விடு" என்றீர்கள். அவர் மூன்று தடவை ரஜாயை உதைத்துத் தள்ளினார். நான் மூன்று தடவை போர்த்திவிட்டேன். வாயைத் திறக்கச் சொன்னீர்கள். திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நாடியை என் கைத்துண்டுக்கு மேலாகத் தொட்டீர்கள், ஒரு மூச்சு நேரம் இருக்குமா? வெளியே சீமைப்பனிச்சை மரத்தடியில் நின்றுகொண்டு சீட்டு எழுதினீர்கள். யின் நோய். வத்சநாபி, சுக்கு, அதிமதுரம். எல்லாம் சூடேற்றும் மருந்துகள். உள்ளே எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனீர்கள்.

இதில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நாற்றம் அழுகிய மீன் நாற்றமே இல்லை. வெயிலில் கிடந்து வெடித்த முட்டையின் நாற்றம். மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இத்தனை வருஷமாக உங்களுக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது, அதனால்தான் சூபினை வைத்துச் சோறு போடுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் பெண்ணை உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. அப்பா காய்ச்சலில் போனார் என்பது மட்டும்தான் தெரியும். இந்தத் தாளைப் படியெடுத்தாளே, கடைசி வரி எழுதும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லையா? அவளிடம் என்ன சொன்னீர்கள்?

முத்திரை வைக்க மாட்டேன். தாளைக் கிழித்துவிடுங்கள்.

தங்கை
தாவ் யுன்ஷூ


செங்டு
1983 மார்ச் 27

அன்புத் தங்கை யுன்ஷூவுக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். எழுத்திலே இவ்வளவு காரம் போட உனக்கு எப்படி மனம் வந்தது? நாம் ஒரே குருவின் அடுப்படியில் ஒன்றாக மருந்து காய்ச்சியவர்கள் இல்லையா?

ஒத்துக்கொள்கிறேன். எனக்கு நாற்றம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. சளி, சீழ், மலம் எதைக் கண்டாலும் அடிவயிறு புரளும். அதை மறைத்து மறைத்தே முப்பத்தைந்து வருஷம் வைத்தியம் பார்த்துவிட்டேன். குருவிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அதற்காக என்னைக் கொலைகாரன் என்பாயா?

சூபின் கேட்டாள். "மாமா, அப்பா பொழைச்சாரா? அப்புறம் எப்படி?" என்றாள். "அந்தக் காய்ச்சல்ல பொழைச்சுட்டாரும்மா. அடுத்த வருஷம் வேற காய்ச்சல்ல போயிட்டாரு, அப்ப நான் ஊர்ல இல்லை" என்று சொன்னேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "எங்கப்பாவுக்கு ஒரு வருஷம் கூடக் குடுத்தீங்க மாமா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல கதை கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொள்வதில் உனக்கு என்ன லாபம்?

புத்தகத்தை எடுத்துக்கொள். அதில் சொன்ன விதி சரியா, தப்பா? நீயே சொல். கை கால் ஜில்லிட்டிருந்தாலும் மூடியைத் திறந்து பார், நாறினால் யாங், நாறாவிட்டால் யின். இதைப் படித்து நாளைக்கு ஒரு மாணவன் ஒரு வாளியைத் திறந்தால் ஒரு உயிர் பிழைக்கும். நோயாளி பிழைத்தானா செத்தானா என்பதை எந்த மாணவன் விசாரிக்கப் போகிறான்? உன் புருஷன் போசெங்கின் சாவு வீணாகாமல் இருக்க நான் கண்ட வழி இது.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, நீயே என்னைச் சொல்லவைக்கிறாய். சீட்டு எழுதியவன் நான். காய்ச்சியது யார்? கரண்டி கரண்டியாக ஊட்டியது யார்? உனக்கும் அதே குருதானே, உனக்கும் மூக்கு இருந்ததே. உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினால் பாதியில் நிறுத்த முடியாது. பெண் உன்னையும் கேட்பாள். யோசித்துக்கொள்.

ஏப்ரல் இருபதை மறக்காதே. முத்திரை மட்டும் வந்தால் போதும், கடிதம்கூட வேண்டாம்.

உன் அண்ணன்
ஜோங்யான்


பைஷா படித்துறை
1983 ஏப்ரல் 6

லாய் ஜோங்யான் அவர்களுக்கு,

நேற்றுக் கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, மண் அணைத்து, அவருக்குப் பிடித்த மொச்சைக் காரத்தில் வதக்கிய பன்றிக்கறியும் ஒரு குவளை மதுவும் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் தாள்களையும் எடுத்துப் போயிருந்தேன், அவருக்கு எரிக்கும் காகிதக் காசோடு சேர்த்துக் கொளுத்தலாம் என்று. அப்புறம் வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அந்தப் பொய் புகையாக அவரிடம் போய்ச் சேருவதுகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

சூபின் உங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள் என்று படித்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். அதைக் குடித்தீர்களா? குடித்திருப்பீர்கள். மலவாளிக்குத்தான் உங்களுக்குக் குமட்டும்.

விதி சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் 1958இலும் அதே விதிதான். அது உங்களுக்கு மனப்பாடம், குரு முன்னால் நீங்கள்தான் எங்களுக்கெல்லாம் ஒப்பித்துக் காட்டுவீர்கள். விதி தெரியாமல் அவர் சாகவில்லை. விதி தெரிந்த ஒருவருக்கு வயிற்றைப் புரட்டியதால் செத்தார். உங்கள் புத்தகத்தில் இருபது பேருக்கும் வயிற்றுப்போக்கு, வாந்தி, சீழ், எல்லாம் இருக்கிறது. வைத்தியருக்கு ஒரு தடவைகூடக் குமட்டவில்லை. அதைப் படிக்கிற பிள்ளை, தனக்குக் குமட்டும்போது தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்து, உங்களைப் போலவே மறைக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் கைத்துண்டுக்கு மேலாக நாடி பார்க்கும்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். மூத்தவர் எழுதிய சீட்டில் இளையவர் கை வைக்கக் கூடாது என்பது நம் குரு வீட்டு வழக்கம். உங்களுக்கே தெரியும். காய்ச்சியது நான்தான். அதை மறைக்கவில்லை, கீழே எழுதியிருக்கிறேன்.

குடும்பத்தார் சான்று கேட்டீர்கள் அல்லவா, இதோ தருகிறேன். உங்கள் புத்தகத்தின் பாணியிலேயே எழுதியிருக்கிறேன். முத்திரையும் வைத்திருக்கிறேன்.

"ஒன்பதாவது நோயாளி. நிங் போசெங், படகோட்டி, வயது முப்பத்திரண்டு. காய்ச்சல் நான்காம் நாள். கை கால் முழங்கை, முழங்கால் வரை குளிர்ச்சி. மார்பும் வயிறும் தொட்டால் கொதிப்பு. வைத்தியர் தொடவில்லை. வயிறு பலகைபோல் கெட்டி, அழுத்தினால் வலி. வைத்தியர் அழுத்தவில்லை. நாக்கு கறுத்து, வறண்டு, முள் முள்ளாக. வைத்தியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாடி ஆழத்தில், ஆனால் வலுவாக. வைத்தியர் ஆழத்துக்குப் போகவில்லை. சிறுநீர் பழுப்பு, சொட்டுச் சொட்டாக. மலம் நீலப்பச்சைத் தண்ணீர், தாங்க முடியாத நாற்றம். வாளி வாசலில் இருந்தது. வைத்தியர் மூடியைத் திறக்கவில்லை. நோயாளி பச்சைத் தண்ணீர் கேட்டார், கொடுக்கப்படவில்லை. வைத்தியர் முடிவு: யின். இருந்தது: யாங். மருந்து: வத்சநாபி, சுக்கு, அதிமதுரம். எழுதியவர் லாய் ஜோங்யான். காய்ச்சி ஊட்டியவர் மனைவி தாவ் யுன்ஷூ. ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம், பிதற்றல். ஆறாம் நாள் நண்பகல் இறப்பு. எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று."

இதைச் சூபினிடம் கொடுத்துப் படியெடுக்கச் சொல்லுங்கள். இதைப் போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்பதாவது நோயாளியே வேண்டாம்.

தாவ் யுன்ஷூ


செங்டு
1983 ஏப்ரல் 19

யுன்ஷூ,

சூபின் அங்கே வந்திருக்கிறாளா? உடனே தந்தி கொடு.

உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. இழுப்பறையில் போட்டுப் பூட்டிவைத்தேன். முந்தாநாள் வெளியே போய்விட்டுத் திரும்பினால் அவளுடைய படுக்கைச் சுருட்டு இல்லை, புத்தகங்கள் இல்லை. என் மேசைமேல் படியெடுத்த தாள்களை அடுக்கி வைத்திருந்தாள், பத்தொன்பது நோயாளிகள். ஒன்பதாவது இல்லை. அண்ணியிடம் மட்டும், "மாமா தேநீர்க் குவளையை நல்லாக் கழுவி வச்சிருக்கேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை, அழுதுகொண்டே இருக்கிறாள்.

அவளுக்கு நீ தனியாக எழுதினாய், அப்படித்தானே? விரிவுரையாளர் வேலைக் கடிதம் இன்று காலை வந்தது. மேசையில் கிடக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செத்தவருக்காக உயிரோடு இருக்கிற பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய். இதுவா நியாயம்?

நாளைக்குக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். ஒன்பதாவதை எடுத்துவிட்டேன். பத்தொன்பது என்று சொல்லப்போகிறேன். உனக்குத் திருப்திதானே?

அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்.

ஜோங்யான்


பைஷா படித்துறை
1983 மே 24

வைத்தியர் லாய்க்கு,

தாமதமாக எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சூபினைப் பற்றி நீங்களும் அண்ணியும் கவலைப்படுவது நியாயம், அதனால் எழுதுகிறேன்.

அவள் இங்கே வரவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மேற்கே மலைமேல் ஒரு கிராம மருத்துவ நிலையத்தில் ஆள் கேட்டிருந்தார்களாம், போய்ச் சேர்ந்துவிட்டாளாம். சாலை முடிகிற இடத்திலிருந்து அரைநாள் நடை. சுகமாக இருக்கிறாள், அண்ணியிடம் சொல்லுங்கள்.

ஆமாம், உங்களுக்கு அனுப்பிய அன்றே அவளுக்கும் ஒரு படி அனுப்பினேன். நீங்கள் இழுப்பறையில் போட்டுப் பூட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு.

அவள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியாவது எழுதியிருப்பாள் என்று தேடினேன். போய்ச் சேர்ந்த விவரத்துக்குக் கீழே இதை மட்டும் எழுதியிருந்தாள்.

"அம்மா, மாமா வயித்தைத் தொடலை, நாக்கைப் பாக்கலை, மூடியைத் திறக்கலைன்னு எழுதியிருக்கே. வயிறு கொதிச்சது, நாக்கு கறுத்திருந்தது, நாத்தம் அடிச்சதுன்னும் எழுதியிருக்கே. அப்ப இதையெல்லாம் பாத்தது யாரு?"

நல்ல வைத்தியச்சி. நீங்களும் அந்தத் தாளைப் படித்தீர்கள், உங்கள் கண்ணில் படவில்லை. எழுதிய என் கண்ணிலும் படவில்லை. எல்லா அடையாளத்தையும் எழுதினேன், பார்த்தவள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் செத்தவரைப் படகேற்றினீர்கள், நான் என்னைக் காய்ச்சிக் கொடுத்தவளாக மட்டும் எழுதிக்கொண்டேன். உங்கள் புத்தகத்தைப் பார்த்து ஓங்கரித்த நான், என் தாளையும் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

அந்த வாளியை நாலு நாள் நான்தான் எடுத்துக் கொட்டினேன். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது, யாங் என்று. நீங்கள் மரத்தடியில் வத்சநாபி என்று எழுதும்போது உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தேன். ரேவல்சின்னி என் பெட்டியில் மேலிருந்து இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. "அண்ணா, இது தப்பு" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். சொன்னால் மூத்தவரை அவமானப்படுத்தியவள் ஆவேன், வெளியே தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த மாமியார் கேட்பார், ஊர் பேசும் என்று நினைத்தேன். "சரிங்க அண்ணா" என்று சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டேன். உங்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். வத்சநாபியின் விஷம் முறிய எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டுமோ அவ்வளவு நேரம், அளவு பிசகாமல், உட்கார்ந்து காய்ச்சினேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். "மூத்த அண்ணன் குடுத்தது, குடிங்க" என்று தாடையைப் பிடித்துத் திறந்து ஊட்டினேன்.

அந்த மரியாதையை நினைத்தால்தான் எனக்கு இப்போது குமட்டுகிறது. உங்கள் குமட்டல் ஒரு கைக்குட்டையில் நின்றுவிடும். என்னுடையதற்கு என்ன வைத்து மூடுவது என்று தெரியவில்லை.

கேள்வி வந்த அன்றே சூபினுக்குப் பதில் எழுதிவிட்டேன். நீளமாக எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதிக் கிழித்தேன். வழக்கத்தைப் பற்றி எழுதினால் சாக்காக இருந்தது, அழுகையைப் பற்றி எழுதினால் நடிப்பாக இருந்தது. கடைசியில், "நான்தான் பார்த்தேன்" என்று மட்டும் எழுதிப் போட்டேன்.

நான்கு வாரம் ஆகிறது. மலைத்தபால் மெதுவாகத்தான் வரும், ஆனால் இவ்வளவு மெதுவாக வராது. தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். என்னைக் கண்டதும் பையில் கைவிட்டுத் தேடுவதுபோல் பாவனை செய்வார், மனம் நோகக் கூடாது என்று. நேற்றிலிருந்து அதையும் விட்டுவிட்டார்.

இனி எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை.

தாவ் யுன்ஷூ